ஸ்பிரிட் குப்பிக்குள் ஒரு வம்சம்

1810-களின் லண்டன். ப்ளூம்ஸ்பரியில் இருந்த மாண்டேகு ஹவுஸ் என்ற பழைய மாளிகைதான் அன்றைய பிரிட்டிஷ் மியூசியம். விலங்கு அறையின் நடுவே பாடம் செய்த வரிக்குதிரை ஒன்று நிற்கும். மெலிந்த உடம்புக்காரரான ஓர் இளைஞர் ஓடிவந்து, ஒரே எம்பில் அதன் முதுகைத் தாண்டி அந்தப் பக்கம் குதிப்பார். வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல. அந்த அறையின் பொறுப்பாளர்களில் ஒருவர். பெயர் வில்லியம் எல்ஃபோர்ட் லீச். மருத்துவப் பட்டம் வாங்கிக்கொண்டு, மருத்துவம் பார்க்காமல் 1813-ல் மியூசிய வேலையில் சேர்ந்தவர். வரிக்குதிரைத் தாண்டல் அவர் காலத்தவர்கள் எழுதிவைத்த செய்தி.

இப்படித் துள்ளித் திரிந்த மனிதர், பகலெல்லாம் உட்கார்ந்து பார்த்தது அரிசிமணி அளவு உயிர்களை.

நண்டும் இறாலும் நமக்குத் தெரியும். சந்தையில் படியால் அளந்து தரும் சென்னாக்குன்னியும் தெரியும். அதே குடும்பத்தில், அதையும்விடச் சிறிய, சமையலுக்கு உதவாத, பேர்கூட இல்லாத கூட்டம் ஒன்று உண்டு. பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் சிதறி ஓடி, தொட்டதும் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் சாம்பல் நிறப் ‘பூச்சி’ பூச்சியே அல்ல, கரையேறிவிட்ட நண்டினம். கடலில், குளத்தில், கிணற்றில், மீனின் செவுளில், கப்பலின் பலகைக்குள் என்று அதன் உறவுகள் எங்கும் இருக்கின்றன. அவற்றை எண்ணிப் பிரித்துப் பெயர் வைப்பது என்பது 200 ஆண்டுகளாக லண்டன் மியூசியத்தில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு ஒரே மேசையில் மாறி வந்த தொழில். அந்த மேசையில் உட்கார்ந்தவர்களின் கதைதான் இது.

லீச்சுக்கு முன் நிலைமை கொஞ்சம் கந்தரகோலம். உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் நண்டு, சிங்கி இறால், துறவி நண்டு எல்லாவற்றையும் ‘கான்சர்’ என்ற ஒரே பேரினத்தில் கொட்டி, அந்த மூட்டையையும் பூச்சிகளின் கூடத்தில் இறக்கிவைத்திருந்தார். லீச் மூட்டையை அவிழ்த்தார். கால் எத்தனை, உணர்கொம்பு எத்தனை, கண் காம்பின் மேல் இருக்கிறதா, தலையோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் புதுப் பேரினங்களை அடுக்கினார்.

அந்த வேலைக்கு வெளியுலகத் தேவையும் இருந்தது. ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் பெல் ராக் பாறையில் கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சன் (‘புதையல் தீவு’ எழுதியவரின் தாத்தா), அங்கே ஊன்றிய மரக்கால்களை ஏதோ ஒன்று அரித்துத் தின்பதைக் கவனித்தார். 3 மில்லிமீட்டர்தான் இருக்கும் அந்த உயிர். மாதிரி லீச்சின் கைக்கு வந்தது. அவர் வைத்த ‘லிம்னோரியா’ என்ற பேரினப் பெயர் இன்றும் நிற்கிறது. அந்த ஜீவனும் உலகத் துறைமுகங்களின் மரக்கால்களைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது.

1818-ல் லீச் செய்த காரியம்தான் விலங்கியல் உலகில் இன்றுவரை பேசப்படுவது. மீன்களை ஒட்டி வாழும் ஐசோபாடுகளுக்கும் (பூந்தொட்டிப் ‘பூச்சி’யின் கூட்டம்) அவற்றின் உறவுகளுக்கும் அந்த ஆண்டு பெயர் சூட்டினார்: சிரோலானா, கோனிலெரா, ரோசினெலா, நெரோசிலா, அனிலோக்ரா, ஒலென்சிரா. கேட்க லத்தீன் போல இருக்கும். லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை. ரோமன் எழுத்தில் எழுதிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ‘கரோலின்’ அல்லது ‘கரோலினா’ என்ற பெண் பெயரின் எழுத்துகளைக் கலைத்துக் கலைத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கரோலின் யார் என்று லீச் எங்கும் சொல்லவில்லை. காதலி என்பார்கள், அரச குடும்பத்துக் கரோலின் என்பாரும் உண்டு. மீனின் ரத்தத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணிக்குக் காதலி பெயரை வைப்பது என்ன வகை மரியாதை என்பது வேறு விஷயம். அந்த வரிசையில் ஒரு சிற்றினத்தின் முழுப்பெயர் சிரோலானா கிராஞ்சி. கிராஞ்ச் என்பவர் லீச்சுக்கு மாதிரிகள் சேகரித்துக் கொடுத்த நண்பர். 1816-ல் காங்கோ ஆற்றுப் பயணத்துக்குப் போய் அங்கேயே இறந்தார். காணாத பெண்ணும் மீளாத நண்பரும் ஒரே பெயருக்குள் அடுத்தடுத்து.

விளையாட்டு அவரோடு முடியவில்லை. 1880-ல் அதே மியூசியத்தின் எட்வர்ட் மையர்ஸ் அதே எழுத்துகளைக் கலைத்து ‘ரெனோசிலா’ என்றார். 1990-ல் நீல் புரூஸ் ‘நோரிலெகா’ என்றார். இந்த நோரிலெகாவை நாம் பார்க்க லண்டன் போகவேண்டியதில்லை. கானாங்கெளுத்தியைக் கழுவும்போது செவுளைத் தூக்கிப் பார்த்தால் சில சமயம் அகப்படும்: வெளிறிய உடம்பு, ஒரு பக்கமாகக் கோணி வளைந்த முதுகு, செவுள் இழையைக் கவ்விய கொக்கிக் கால்கள். நம் அம்மாக்கள் முகம் சுளித்துக் கத்தி நுனியால் தட்டிவிடுவது கரோலினைத்தான்.

லீச் தாண்டிய தாண்டல் நீடிக்கவில்லை. மியூசியத்தைத் தொடங்கக் காரணமான ஸ்லோன் என்பவரின் பழைய மாதிரிகள் அழுகி நாறுவதைப் பொறுக்காமல், அவற்றைத் தோட்டத்தில் குவித்து எரித்தார் என்று அவர் மேல் ஒரு புகார் காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. 1821-ல் அவர் மனம் உடைந்தது. அடுத்த ஆண்டு வேலையை விட்டார். அக்கறையான சகோதரி ஒருத்தி இத்தாலிக்கு அழைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டாள். 1836-ல் அங்கே காலராவில் இறந்தார். ஜேம்ஸ் சவர்பி வரைந்த படங்களோடு பகுதி பகுதியாக வந்துகொண்டிருந்த அவருடைய பிரிட்டிஷ் நண்டுகள் நூல் பாதியில் நின்று, 1875-ல்தான் வேறொரு சவர்பியின் கையால் முடிந்தது.

அடுத்து அந்த மேசைக்கு வந்தவர்களில் ஆடம் ஒயிட் 1847-ல் மியூசிய நண்டினங்களின் பட்டியலை அச்சிட்டார். மனைவி இறந்தபின் அவருக்கும் மனநலம் குலைந்தது. மேசைக்கே ஏதோ தோஷம் என்று நம் ஊராக இருந்தால் பரிகாரம் செய்திருப்பார்கள். 1862-ல் ஆம்ஃபிபாடுகள் என்ற இன்னொரு சிறு நண்டினக் கூட்டத்தின் பட்டியலைத் தயாரித்தவர் மியூசிய ஊழியரே அல்ல; ஸ்பென்ஸ் பேட், பிளிமத் நகரின் பல் மருத்துவர். தாடை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வேலை அவ்வளவு அந்நியமாக இருந்திராது. இன்னொரு வெளியாள் சார்ல்ஸ் டார்வின். படகின் அடியில் ஒட்டும் கொட்டலசும் நண்டின உறவுதான் என்று தெரியவந்த பிறகு, 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் அவர் கொட்டலசையே பார்த்துக்கொண்டிருந்தார். மியூசியம் தன் மாதிரிகளை அவர் வீட்டுக்கே கொடுத்தனுப்பியது. பரிணாமத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுவதற்கு முன் அவர் கொடுத்த விலை அது எனலாம்.

1880-களின் தொடக்கத்தில் விலங்குகள் சவுத் கென்சிங்டனில் ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் கட்டிய புது மாளிகைக்குக் குடிபெயர்ந்தன. சிறிய நண்டினங்கள் அந்த அழகிய மண்டபத்துக்குள் இடம்பெறவில்லை. அவை ஸ்பிரிட்டில் ஊறுபவை; ஒரு தீப்பொறி போதும். ஆகவே பின்புறம் தனிக் கட்டடம். கூட்டம் பார்ப்பது முன்பக்க எலும்புக்கூடுகளை. வேலை நடப்பது பின்கட்டில்.

பின்கட்டுக்கு 1904-ஐ ஒட்டி வந்து சேர்ந்தவர் வில்லியம் தாமஸ் கால்மன். டண்டீ ஊர்க்காரர். இளமையில் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் எடுபிடிப் பயிற்சி. டார்சி தாம்ப்சன் என்ற பேராசிரியர் தன் ஆய்வுக்கூடத்தில் உதவிப் பையனாகச் சேர்த்துக்கொள்ள, பாத்திரம் கழுவிய கையோடு வகுப்பிலும் உட்கார்ந்து பட்டம் வாங்கினார். டாஸ்மேனியாவின் வெலிங்டன் மலைக் குட்டைகளில் கிடைத்த அனாஸ்பிடெஸ் என்ற இறால் போன்ற உயிரை டண்டீயில் இருந்தபடியே ஆராய்ந்து, நிலக்கரிக் காலத்துப் பாறைகளில் கல்லாகக் கிடக்கும் சில உருவங்களின் உயிருள்ள உறவு இது என்று 1896-ல் காட்டினார். செத்தவர் வீட்டுக் கதவைத் தட்டினால் ஆள் எழுந்துவந்து திறந்தது போல.

கால்மனின் பெரிய வேலை 1904-ல் வந்த ஒரு சிறிய கட்டுரை. உயர்நிலை நண்டினங்களை அவர் புதிதாக வகுத்தார். அதில் ஒரு கூட்டத்துக்கு ‘பெரகாரிடா’ என்று பெயர். அடையாளம் எளிது: தாயின் மார்புக் கால்களின் அடியில் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரு பை உண்டாகும்; முட்டையும் குஞ்சும் அந்தப் பைக்குள் வளரும். தண்ணீரில் விட்டுவிட்டுப் போவதில்லை. பூந்தொட்டிச் ‘சாம்பல் பூச்சி’, மரம் தின்னும் லிம்னோரியா, லீச்சின் கரோலின்கள் எல்லாம் இந்தப் பைக்காரிகள். இன்றைய வகைப்பாட்டிலும் கால்மனின் பெயர் அப்படியே இருக்கிறது. கடலில் மரம் அரிக்கும் உயிர்களைப் பற்றித் துறைமுகக்காரர்களுக்காக 1919-ல் ஒரு கைநூலும் எழுதிக்கொடுத்தார்.

சாம்ராஜ்யம் பெரிது, குப்பிகள் நாலா திசையிலிருந்தும் வந்தன. எழுதியவர்களும் நாலா திசையில் இருந்தார்கள். சென்னை கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜான் ராபர்ட்சன் ஹென்டர்சன் இந்திய நண்டினங்களைப் பற்றி எழுதிய பெரிய கட்டுரை 1893-ல் லண்டன் லின்னியன் சங்கத்தில்தான் அச்சேறியது. அவர் பின்னால் சென்னை மியூசியத்துக்கே தலைவரானார். நண்டின் காலை எண்ணிய அதே பொறுமையோடு ஹைதர் அலி, திப்பு சுல்தான் காசுகளையும் பிரித்துப் புத்தகம் போட்டார்.

லண்டன் மேசைக்கு இசபெல்லா கார்டன் வந்தது 1928-ல். 1901-ல் ஸ்காட்லாந்தின் கீத் என்ற சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். உதவித்தொகை உதவித்தொகையாக ஏறி அபர்தீனில் படித்து, லண்டனில் கடல் முள்ளெலியின் வளர்ச்சியைப் பற்றி ஆய்வுப் பட்டம் வாங்கி, அமெரிக்காவிலும் ஆராய்ந்துவிட்டு வந்தார். மியூசியம் கொடுத்த பொறுப்பு நண்டினங்கள். மேசையில் உட்கார்ந்தபின் கற்றுக்கொண்ட தொழில்.

பெண் என்பதால் அந்த நாற்காலியின் விலை வேறு. அந்த மியூசியத்தில் பெண்கள் அதற்கு முன்பும் வேலை செய்தார்கள். 1898-ல் 19 வயதில் உள்ளே நுழைந்த டோரத்தியா பேட் போல, செய்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு. நிரந்தர, முழுநேரப் பணியில் அமர்ந்த முதல் சில பெண்களில் கார்டன் ஒருவர். அரசுப் பணியில் உள்ள பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி 1946 வரை இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் 1955-ல் தொடங்கிப் படிப்படியாக வந்து 1961-ல்தான் முழுமையானது. கார்டன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அந்த மேசையில் என்னதான் வேலை? ஒரு குப்பி வருகிறது. உள்ளே கண்ணாடிக் குழாய், பஞ்சு அடைப்பு, மாதிரியோடு சேர்ந்து ஸ்பிரிட்டில் மிதக்கும் ஒரு சீட்டு. சீட்டு எப்போதும் உள்ளேதான் இருக்கவேண்டும். வெளியே ஒட்டியது என்றாவது உதிரும், உதிர்ந்த நாளோடு அந்த உயிருக்கு ஊர் இல்லாமல் போய்விடும். எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற மூன்றும் போனால் மிஞ்சுவது ஊறுகாய்தான். நுண்ணோக்கியின் கீழே கிளிசரின் சொட்டில் கிடத்தி, ஊசிமுனையால் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். உணர்கொம்பு இரண்டு இணை, தாடை, துணைத்தாடைகள், தாடைக்கால், அப்புறம் நடைகால்கள், நீந்துகால்கள், வால்துடுப்பு. 8 மில்லிமீட்டர் உடம்பில் இத்தனையும். மூச்சு வேகமாக விட்டால் ஒரு தாடை பறந்துபோகும். கேமரா லூசிடா என்ற கண்ணாடிப் பட்டகத்தின் வழியே பார்த்தால் உறுப்பும் காகிதமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். பென்சிலால் ஓரத்தைப் பின்தொடரவேண்டும். மயிர் எத்தனை என்று எண்ணவேண்டும், அதில் எது இறகு போன்றது, எது முள் போன்றது என்றும். பிறகு பழைய குப்பிகளை எடுத்து, லீச் பார்த்ததோடும் கால்மன் பார்த்ததோடும் ஒப்பிடவேண்டும். புதிது என்று உறுதியானால் எழுத்து. அந்த ஒற்றை உடம்பு அன்றுமுதல் ‘டைப்’; அந்தப் பெயருக்கு உலகம் முழுக்க அதுவே சாட்சி.

இதற்கிடையே யார் யாரோ எதை எதையோ காகிதத்தில் பொதிந்து அனுப்பிக் கேட்பார்கள். 1935-ல் செல்சியின் லாட்ஸ் ரோடு மின்நிலையத்தில், தேம்ஸ் நீரை உள்ளிழுக்கும் வலையில் கையுறை போட்டதுபோல் கொடுக்கில் மயிர் அடர்ந்த நண்டு ஒன்று மாட்டியது. சீனத்து நண்டு, கப்பலோடு வந்துவிட்ட விருந்தாளி. இன்றைக்குத் தேம்ஸ் கரைகளைத் துளைக்கும் அதன் சந்ததிக்கு முதல் பதிவு அதுதான்.

போர் வந்தது. 1940 செப்டம்பரில் மியூசியத்தின் தாவரப் பகுதியில் குண்டு விழுந்து தீப்பற்றியது. தீயணைக்க அடித்த தண்ணீரில் நனைந்து, 1793-ல் சீனாவில் சேகரித்த பட்டு வாகை விதைகள் முளைவிட்டன. 147 ஆண்டுத் தூக்கத்துக்குப் பிறகு. விதைக்கு அது வரம். ஸ்பிரிட் குப்பிகள் நிற்கும் கட்டடத்தில் அதே குண்டு விழுந்திருந்தால் மிஞ்சியிருப்பது கண்ணாடித் துண்டுகள். விலைமதிப்பற்ற குப்பிகளை லண்டனுக்கு வெளியே நிலத்தடிக் குகைகளில் கொண்டுபோய் வைத்தார்கள்.

குகைக்கும் கார்டனுக்கும் இன்னொரு முடிச்சு பாக்கி இருந்தது. கேப்டவுனுக்குப் பின்னால் எழும் டேபிள் மலையில் வௌவால் குகை என்று ஒன்று உண்டு. உள்ளே ஓர் ஓடை. அந்த ஓடையில் கிடைத்த, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத, நிறமே இல்லாத சில உயிர்கள் 1950-களின் நடுவில் லண்டனுக்கு வந்தன. முதல் பார்வைக்கு மெலிந்த இறால் போல. தலைக்குப் பின்னால் குட்டையான ஓடு, நீண்ட வால் பகுதி, கடைசியில் விசிறி. கண் இருக்கவேண்டிய இடத்தில் சிறு செதில் போல இரண்டு மடல்கள். பார்க்கும் உறுப்பு ஏதும் இல்லை. இருட்டில் எதற்கு என்று கழன்றுபோயிருக்கிறது. கால்மனின் பை அடையாளத்தால் பெரகாரிடா கூட்டத்துக்குள் வரவேண்டிய உயிர். ஆனால் ஐசோபாடு என்று சொல்லவும் முடியவில்லை, ஆம்ஃபிபாடு என்று சொல்லவும் முடியவில்லை, ஏற்கெனவே இருந்த எந்த அறையிலும் கால் நீட்டிப் படுக்கவில்லை. புதுச் சிற்றினம் கண்டுபிடிப்பது மியூசியத்தில் அன்றாடம். புதுப் பேரினம் நல்ல வாரம். ஒரு புது வரிசையையே திறப்பது ஆயுளில் ஒருமுறை வாய்த்தால் அதிகம். 1957-ல் கார்டன் அதைத் திறந்தார்: ஸ்பெலியோகிரிஃபஸ் லெபிடாப்ஸ். ‘லெபிடாப்ஸ்’ என்றால் செதிற்கண். பிறந்ததுமுதல் பார்க்காத ஓர் உயிருக்குக் கண்ணை வைத்தே பெயர்.

1961 அவருக்கு மறக்கமுடியாத ஆண்டு. பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.ஈ. விருது வந்தது. ஜப்பானிலிருந்து அழைப்பும் வந்தது. பேரரசர் ஹிரோஹிட்டோவுக்கு 60 வயது நிறைவு. அவரே கடலுயிர் ஆராய்ச்சியாளர், ஹைட்ராய்டு என்ற சிறு கடலுயிர்களில் புலி. கார்டனும் ஹிரோஹிட்டோவும் ஒரே 1901-ன் ஏப்ரல், மே மாதங்களில் சில வார இடைவெளியில் பிறந்தவர்கள். சுவர் முழுக்கக் குப்பி அடுக்கிய பின்கட்டிலிருந்து போனவரை அங்கே ராஜ விருந்தாளியாக நடத்தினார்கள். ஜப்பானின் நண்டின ஆய்வாளர்கள் ஒன்றுகூட அந்த வருகை காரணமாயிற்று; அதே ஆண்டு அவர்களுடைய சங்கம் பிறந்தது.

1966-ல் ஓய்வு. அப்புறமும் கொஞ்ச காலம் மேசைக்கு வந்துபோனார். கட்டடம் மாறியது: 2002-ல் டார்வின் மையம் என்ற பெயரில் புதிய ஸ்பிரிட் மாளிகை எழுந்தது. 27 கிலோமீட்டர் நீள அலமாரி, 2 கோடியே 20 லட்சம் மாதிரிகள்.

கார்டன் திறந்த வரிசையில் 30 ஆண்டு வரை அந்த ஒரே ஓர் உயிர்தான் இருந்தது. 1987-ல் பிரேசிலின் பொனிட்டோ ஊருக்கு அருகே, நீல ஏரி என்று பெயர்பெற்ற குகைத் தண்ணீரிலிருந்து இரண்டாவது உயிருக்குப் பெயர் வைத்தார்கள். அதற்கும் கண் இல்லை. அடுத்த ஆண்டு கார்டன் இறந்தார். 1998-ல் மூன்றாவது, மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா வறண்ட நிலத்துக்கு அடியில் ஓடும் நிலத்தடி நீரில். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா. கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இம்மூன்றும் ஒட்டிக்கிடந்த காலத்தில் இவற்றின் முன்னோர் ஒன்றாக இருந்து, நிலம் பிளந்தபோது ஆளுக்கொரு தண்ணீரோடு பிரிந்து போயிருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பில்பராவில் கிணற்றுக்குள் கயிற்றில் சிறு வலையை இறக்கித் தூக்குவதுதான் மாதிரி எடுக்கும் முறை. வலையைக் குப்பியில் உதறி, பென்சிலால் ஒரு சீட்டு எழுதி உள்ளே போடுகிறார்கள்: இடம், தேதி, எடுத்தவர்.